பேச்சு போனால் புத்தியும் போனதாகுமா?

(ரிஷிவந்தியத்தில் நடந்த சுயமரியாதைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் சிலருக்குப் புதிதாகத் தோன்றலாம். சுயமரியாதைக்காரர்கள் வந்தால் கடவுளையும், ஜாதியையும், புரோகிதத்தையும் பற்றித்தானே பேசுவார்கள், பக்கவாதத்தைப் பற்றிப் பேச இவர்கள் என்ன வைத்தியர்களா என்று கேட்கலாம். நாம் வைத்தியரல்ல. பெரிய பள்ளிக்கூடங்களில் படித்துப் பட்டம் வாங்கியவருமல்ல. கிடைத்ததைப் படித்து, தெரிந்தவர்களைக் கேட்டு, நமது புத்திக்குச் சரியென்று பட்டதைச் சொல்லுகிறவர்கள். ஆகவே நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். யோசித்துப் பாருங்கள். சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இந்தப் பந்தலிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

இந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நமது தோழர் ஒருவர் இருக்கிறார். இப்போது முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரைக் கேட்டு, அவர் சரியென்று தலையசைத்த பிறகே இதைச் சொல்லுகிறோம். பல வருஷ காலம் டீக்கடையில் பத்திரிகையை உரக்கப் படித்து, எழுத்தறியாதவர்களுக்கெல்லாம் உலகச் சங்கதி சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். ஒரு நாள் காலை கரும்புத் தோட்டத்திலே திடீரென்று விழுந்தார். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன, பேச்சும் நின்றுவிட்டது. "காத்துக் கருப்பு அடித்துவிட்டது" என்று வீட்டார் முதலில் கூட்டிக்கொண்டு போனது மந்திரிப்பவரிடம். ஆஸ்பத்திரிக்குப் போனது மறுநாள். உயிர் தப்பிற்று. கால் மெதுவாக நடக்க வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. எதைக் கேட்டாலும் "அதான், அதான்" என்ற ஒரு வார்த்தை மாத்திரமே வந்தது.

பிறகு என்ன நடந்தது? நாக்கில் வசம்பைத் தேய்த்தார்கள். புறாவை அறுத்து இரத்தத்தைக் கையிலும் காலிலும் பூசினார்கள். கோயிலுக்கு நேர்ந்துகொண்டார்கள். எதிலும் பேச்சு வராமற்போகவே, "மனுஷனுக்குப் புத்தி கலங்கிவிட்டது" என்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வீட்டு விஷயங்களை அவர் எதிரிலேயே, அவர் இல்லாததுபோலப் பேச ஆரம்பித்தார்கள். பெண்ணின் கலியாணத்தைப் பற்றி அவரைக் கேட்கவில்லை. கடைசியாகப் பங்காளிகள் ஒரு பத்திரத்தைக் கொண்டுவந்து, "இவனுக்கு என்ன தெரியப்போகிறது, கட்டைவிரலைப் பிடித்து வைத்தால் தீர்ந்தது" என்று உட்கார்ந்துவிட்டார்கள். அந்தச் சங்கதியின் முடிவைப் பின்னால் சொல்லுகிறோம். முதலில் அவருக்கு வந்தது என்ன என்று பார்ப்போம்.

பேச்சு எங்கே இருக்கிறது?

பேச்சு நாக்கில் இருக்கிறது என்று நினைப்பதால்தான் நாக்கில் வசம்பு தேய்க்கிறோம். நாக்கில் வேல் குத்திக்கொள்ளுகிறோம். ஆனால் நமது தோழருடைய நாக்குக்கு ஒரு குறையும் இல்லை. சாப்பிடுகிறார், விழுங்குகிறார், உதட்டை நக்குகிறார். அப்படியானால் பேச்சு எங்கே போயிற்று?

இதே கேள்வியைப் பாரிஸ் நகரத்தில் பால் புரோக்கா என்ற டாக்டர் 1861-ம் வருஷம் கேட்டார். அவரது ஆஸ்பத்திரியில் லெபோர்ஞ் என்ற ஒரு தொழிலாளி இருபது வருஷத்துக்கு மேலாகக் கிடந்தார். எதைக் கேட்டாலும் "டான், டான்" என்றுதான் பதில் வரும். அதனால் அவருக்கு "டான்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் பிறர் சொல்லுவதில் பெரும்பாலானது அவருக்கு விளங்கிற்று. அவர் இறந்தபின் புரோக்கா என்ன செய்தார்? "முன் ஜென்ம பாவம்" என்று சொல்லிச் சும்மா இருந்தாரா? அல்லது எந்த வேதத்திலாவது இதற்கு விடை இருக்கிறதா என்று புரட்டினாரா? மண்டையைத் திறந்து மூளையைப் பார்த்தார். மூளையின் இடது பாதியில் முன்பக்கத்தில் ஓரிடம் கெட்டுப்போயிருந்ததைக் கண்டார். பேச்சை உண்டாக்கும் வேலை அங்கே நடக்கிறது என்பதை உலகுக்குக் காட்டினார். அந்த மூளையை இன்றும் பாரிஸில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பின்னர் 1874-ல் ஜெர்மானியரான வெர்னிக்கே என்ற டாக்டர், பிறர் சொல்லுவதை விளங்கிக்கொள்ளும் வேலைக்கு அதே இடது பாதியில் சற்றுப் பின்னால் வேறோர் இடம் இருப்பதைக் கண்டறிந்தார்.

மூளையின் இடது பாதி உடம்பின் வலது பக்கத்தை ஆளுகிறது. பெரும்பாலான மனிதருக்குப் பேச்சும் அதே இடது பாதியில்தான் இருக்கிறது. அங்கே போகும் இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டாலோ, வெடித்தாலோ வலது கைகால் விழுவதோடு பேச்சும் போகிறது. வலது பக்கம் விழுந்தவர்களுக்குத்தான் பேச்சு அதிகம் போகிறது என்பதை நீங்களே ஊரில் பார்த்திருப்பீர்கள். அது முனியும் அல்ல, செய்வினையும் அல்ல. வாய்க்கால் அடைத்துக்கொண்டால் கடைமடை காய்வதுபோலத்தான். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தப் பேச்சிழப்பு வருகிறது. டாக்டர்கள் இதை அபேசியா என்கிறார்கள். நாக்கும் உதடும் பலவீனமாகிப் பேச்சு குளறுவது வேறு. வார்த்தையே அகப்படாமற்போவது வேறு. சிலருக்கு இரண்டும் சேர்ந்து வருவதுண்டு.

இந்த நோயாளிக்கு வார்த்தை மறந்துவிடவில்லை. வார்த்தை இருக்கும் பெட்டியின் சாவி தொலைந்திருக்கிறது, அவ்வளவுதான். சொம்பைக் காட்டினால் அது இன்னதென்று அவருக்குத் தெரியும். பேர் மாத்திரம் வராது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. எண்ணிச் சொல்லும் ஒன்று, இரண்டு, மூன்று, பழகிய பாட்டு, பழகிய வசவு, பழகிய சாமி பேர் இவையெல்லாம் யோசியாமல் வாயில் வரும் பழக்கப் பேச்சு. மற்ற பேச்சு போனாலும் இவை சிலருக்கு மிஞ்சும். ஒருவருக்கு "முருகா" என்பது மாத்திரம் மிஞ்சினால், "பார்த்தீர்களா, எல்லாம் போனாலும் முருகன் போகவில்லை" என்று சொல்லிக் கற்பூரம் கொளுத்துகிறார்கள். இன்னொருவருக்குக் கெட்ட வசவு ஒன்று மாத்திரம் மிஞ்சுகிறதே, அது எந்தச் சாமியின் திருவிளையாடல் என்று கேட்கிறோம். அதற்கு மாத்திரம் கற்பூரம் கிடையாது. "திட்ட வாய் வருகிறது, பேச வாய் வராதா" என்று அடிதான் கிடைக்கிறது. இரண்டும் ஒரே மூளையின் ஒரே காரியம் என்று தெரிந்தால் கற்பூரமும் மிச்சம், அடியும் மிச்சம்.

நேர்த்திக்கடனும் கணக்கும்

"பேசாத குமரகுருபரர் திருச்செந்தூரில் பேசவில்லையா?" என்று நம்மைக் கேட்கிறார்கள். முந்நூறு நானூறு வருஷத்துக் கதையை இப்போது யாரிடம் போய் விசாரிப்பது? அது கிடக்கட்டும், இன்று நடப்பதைப் பார்ப்போம்.

பக்கவாதம் வந்த முதல் சில வாரங்களில், சிலருக்கு முதல் மூன்று மாதங்களில், மூளை தானாகவே ஓரளவு தேறுகிறது. வீங்கியது வாடுகிறது, அடங்கிக் கிடந்த பகுதிகள் விழித்துக்கொள்ளுகின்றன. நாமோ கோயிலுக்கு ஓடுவதும் அதே முதல் மூன்று மாதத்தில்தான். தானாகத் தேறியது சாமி கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. தேறாதவன் சங்கதி என்ன ஆகிறது? அது "அவன் தலையெழுத்து" என்ற கணக்கில் போகிறது. வரவெல்லாம் சாமிக்கு, செலவெல்லாம் நோயாளிக்கு என்று எழுதுகிற கணக்குப்பிள்ளையை உங்கள் கடையில் ஒரு நாள் வைத்திருப்பீர்களா?

கணக்கு எப்படிப் பார்க்கவேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லுகிறோம். நமது விஷயமும் அதுதான்.

பையிலுள்ள யந்திரம்

பேச்சு திரும்பி வருவதற்கு இன்றுவரை தெரிந்த முக்கியமான வழி பயிற்சிதான். வண்டிப் பாதை உடைந்தால் மாடு நடந்து நடந்து புதுத் தடம் உண்டாவதுபோல, திரும்பத் திரும்பப் பழகினால் மூளையில் மிஞ்சிய பகுதிகள் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுக்கொள்ளுகின்றன. ஜெர்மனியில் நோய் வந்து ஆறு மாதத்துக்கு மேலான 158 பேருக்குப் பேச்சுப் பயிற்சியாளர்களைக் கொண்டு வாரத்துக்குப் பத்து மணி நேரமும் அதற்கு மேலும் மூன்று வாரம் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். அன்றாடப் பேச்சு மேம்பட்டது என்று 1917-ல் அல்ல, 2017-ல்தான், நேற்றுப்போலத்தான் வெளியிட்டார்கள். ஆகவே "ஆறு மாதம் ஆகிவிட்டது, இனி ஒன்றும் வராது" என்று கைவிடுவதும் ஒரு மூடநம்பிக்கையே.

ஆனால் பயிற்சியாளருக்கு எங்கே போவது? பேச்சுப் பயிற்சி கற்பிக்க மைசூரில் 1965-ல் ஓர் அகில இந்திய ஸ்தாபனம் ஏற்பட்டு, பிறகு நமது நாட்டிலும் பல கல்லூரிகளில் அந்தப் படிப்பு வந்திருக்கிறது. படித்தவர்களோ பெரும்பாலும் பெரிய பட்டணங்களில் இருக்கிறார்கள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் இருக்கும் ஒருவர், விழுந்த கையோடு பஸ் ஏறி, கூட ஒருவரின் ஒரு நாள் கூலியையும் இழந்து, வாரத்துக்கு நாலு தடவை பட்டணம் போய்வர முடியுமா?

இந்த இடத்தில்தான் யந்திரம் வந்து உதவுகிறது. பெரியாரவர்கள் 1940-களில் "இனிவரும் உலகம்" என்று பேசினபோது, ஒவ்வொருவரும் தந்திச் சாதனத்தைப் பையில் வைத்துக்கொண்டு திரிவார்கள் என்றும், ஓரிடத்திலிருந்தே பலவிடத்து மக்களுக்குப் பாடம் சொல்லலாம் என்றும் சொன்னார். அன்று சிரித்தார்கள். இன்று சிரித்தவர்களின் பேரன் பையில் செல்போன் இருக்கிறது. அதில் சினிமாவும், ராசிபலனும், சாமியார் பிரசங்கமும் வருகின்றன. பேச்சுப் பயிற்சியும் வரும் என்பதைத்தான் சொல்ல வந்தோம்.

அது எப்படி வேலை செய்கிறது? திரையில் ஒரு படம் வருகிறது. பேர் சொல்ல முயலவேண்டும். வராவிட்டால் யந்திரம் முதல் எழுத்தின் ஓசையைக் கொடுக்கிறது. அப்போதும் வராவிட்டால் வாயசைவைக் காட்டி முழு வார்த்தையையும் சொல்லுகிறது. கூடச் சொல்லவேண்டும். பிறகு தனியே சொல்லவேண்டும். தன் குரலைப் பதிந்து தானே கேட்கலாம். நூறு தடவை தப்பினாலும் யந்திரம் சலித்துக்கொள்ளாது, சிரிக்காது, "இதுகூடத் தெரியவில்லையா" என்று கேட்காது. மருமகள் பக்கத்தில் இருக்க வெட்கப்படுகிற மாமனார் தனியே உட்கார்ந்து பழகலாம். தனக்கு வேண்டிய நேரத்தில், தன் கையாலேயே தனக்கு வைத்தியம் செய்துகொள்ளுகிறார்.

இதைப் பிரிட்டனில் ஷெப்பீல்டு சர்வகலாசாலையார் பரீட்சித்துப் பார்த்தார்கள். நோய் வந்து நான்கு மாதமாவது ஆன 278 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஏன் நான்கு மாதம்? தானாகத் தேறுகிற காலம் பெரும்பாலும் கழியட்டும் என்பதற்காக. அவர்களைச் சீட்டுப் போடுவதுபோல மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. இரண்டாவது பிரிவுக்கு அதோடு கம்ப்யூட்டர் பயிற்சி. மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான கவனிப்போடு புதிர்ப் புத்தகங்கள். புதிர் எதற்கு? "யாரோ நம்மைக் கவனிக்கிறார்கள்" என்ற உற்சாகத்தினால் மட்டுமே தேறுகிறார்களா, அல்லது பயிற்சியினால் தேறுகிறார்களா என்று பிரித்துப் பார்ப்பதற்காக. எவ்வளவு யோக்கியமான கணக்கு பாருங்கள்! எந்தக் கோயிலாவது தன் மகிமையை இப்படிப் பரீட்சைக்கு விட்டதுண்டா?

ஒவ்வொரு நோயாளிக்கும் அவரவர் வாழ்க்கைக்கு வேண்டிய 100 வார்த்தைகளை அவரையே கேட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். பேச்சுப் பயிற்சியாளர் யந்திரத்தை அவரவருக்கு ஏற்ப அமைத்துக் கொடுத்தார். தினமும் 20 முதல் 30 நிமிஷம், ஆறு மாதம் பழகச் சொன்னார்கள். சராசரியாக ஒருவர் 28 மணி நேரம் பழகினார். 2019-ல் முடிவு வெளிவந்தது. பழகிய வார்த்தைகளைச் சொல்லுவதில், யந்திரத்தில் பழகியவர்கள் வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களைவிட நூற்றுக்கு 16 அளவு அதிகம் முன்னேறியிருந்தார்கள். புதிர்ப் பிரிவைவிட நூற்றுக்கு 14 அளவு அதிகம். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அந்த வார்த்தைகள் போய்விடவில்லை.

யந்திரமும் சாமியல்ல

இவ்வளவு சொல்லிவிட்டு இத்துடன் நிறுத்தினால், நாமும் ஒருவகைப் பூசாரி ஆகிவிடுவோம். ஆகையால் மற்ற பாதியையும் சொல்லிவிடுகிறோம்.

அதே பரீட்சையில் பழகிய வார்த்தைகள் வந்தனவே தவிர, நாலு பேரோடு சேர்ந்து உரையாடும் சக்தி மற்றவர்களைவிட அதிகமாகவில்லை. அதாவது, "மாடு" என்று சொல்லப் பழகினவர் மாடு என்று சொல்லுகிறார். மாட்டைச் சந்தையில் பேரம் பேசி விற்கும் பேச்சு அதனாலேயே வந்துவிடவில்லை. இதை அந்த ஆராய்ச்சிக்காரர்களே மறைக்காமல் எழுதினார்கள். அதுதான் விஞ்ஞானத்துக்கும் புரோகிதத்துக்கும் உள்ள வித்தியாசம். ஆகவே ஒருவர் வந்து, "இந்தச் செயலிக்குப் பணம் கட்டு, ஒரு மாதத்தில் மேடையில் பேசலாம்" என்று சொன்னால் அவரும் தாயத்து விற்கிறவர்தான். தாயத்து தகட்டில் இருந்தாலென்ன, கண்ணாடித் திரையில் இருந்தாலென்ன?

மற்றொரு சங்கதியும் கவனிக்கத்தக்கது. நமது நாட்டிலேயே 14 ஆஸ்பத்திரிகளில் பக்கவாதக்காரர்கள் 1250 பேரை வைத்து, வீட்டாருக்குச் சொல்லிக்கொடுத்து வீட்டிலேயே பயிற்சி நடத்தினால் நோயாளிகள் அதிகம் தேறுவார்களா என்று பார்த்தார்கள். 2017-ல் முடிவு வந்தது. ஆறு மாதம் கழித்து இறந்தவர்களும் பிறர் கையை எதிர்பார்த்திருந்தவர்களும் இரு பிரிவிலும் நூற்றுக்கு 47 பேர். வித்தியாசம் இல்லை. இது பேச்சைக் குறித்த பரீட்சையல்ல; எனினும் ஒன்றைத் தெரிவிக்கிறது. "நீங்களே வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டால் மாத்திரம் காரியம் ஆகிவிடாது. ஆகையால், "ஜனங்கள் கையில் போன் இருக்கிறது, இனிப் பயிற்சியாளர் எதற்கு" என்று சர்க்கார் சொல்ல இடம் கொடுக்கக்கூடாது. புத்தகம் அச்சிட்டாய்விட்டது, இனி வாத்தியார் எதற்கு என்று யாராவது சொல்லுவார்களா? ஷெப்பீல்டிலும் யந்திரத்தை அமைத்துக் கொடுத்தது மனிதர்தான்.

நம் வார்த்தை, நம் வாயில்

இந்தப் பயிற்சிகளில் அதிகமானவை ஆங்கிலம் முதலிய மொழிகளுக்காகச் செய்யப்பட்டவை. ரிஷிவந்தியத்து விவசாயிக்கு ஆங்கிலப் படத்தைக் காட்டி, அவர் கண்ணாலும் காணாத பழத்தின் பேரைச் சொல்லச் சொன்னால் அது வைத்தியமா, தண்டனையா? தமிழில் செய்கிறோம் என்று வருகிறவர்களும் பண்டிதத் தமிழில் செய்தால் அதுவும் வீண்தான். பிறந்தது முதல் "தண்ணி" என்று சொன்னவரைத் "தண்ணீர்" என்று சொல்லப் பழக்குவது, இருக்கும் சாவியை எறிந்துவிட்டுப் புதுச் சாவி செய்வதாகும். மலைமேல் இருப்பவருக்கு மலையில் வழங்கும் பேச்சு. சமவெளியில் இருப்பவருக்கு இங்குள்ள பேச்சு. மண்வெட்டி, அருவா, சொம்பு, கூழு, பேரப்பிள்ளையின் பேர், பஸ் நிற்கும் ஊரின் பேர் என்று அவரவர் வாயில் இருந்த வார்த்தையே அவரவர் மருந்து. படமும் குரலுமாக இருப்பதால் எழுத்துத் தெரியாதவரும் பழகலாம் என்பதுதான் இதில் நமக்கு மிகவும் பிடித்தது. எழுத்தைச் சிலருக்கு மட்டும் என்று பூட்டிவைத்த நாட்டில், எழுத்துக் கேளாத வைத்தியம் பெரிய காரியமல்லவா?

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் ஆணுக்குப் பேச்சு போனால் டாக்டரைத் தேடுகிறார்கள். கிழவிக்குப் பேச்சு போனால், "போகட்டும், இனியாவது வீடு அமைதியாக இருக்கும்" என்று கேலி செய்கிறார்கள். போன் யார் பையில் இருக்கிறது? மகன் பையில். அவன் வேலைக்குப் போனால் போனும் போய்விடுகிறது. தினம் அரை மணி நேரம் அந்தப் போன் தாயின் கைக்கு வராத வீட்டில், எந்த விஞ்ஞானம் வந்து என்ன பிரயோஜனம்? பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டோம். சொல்லுரிமையையும் சேர்த்தே கேட்கிறோம்.

சட்டம் என்ன சொல்லுகிறது?

2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அதில் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒன்று. அதற்கு விளக்கம் சொல்லும்போது அபேசியா என்று பேர் சொல்லியே எழுதியிருக்கிறது. ஆகவே நிரந்தரமாகப் பேச்சிழந்தவர் அரசாங்க டாக்டரிடம் காட்டிச் சான்றிதழ் கேட்க உரிமையுடையவர். அதே சட்டத்தின் 13-வது பிரிவு, சொத்து வைத்திருக்கவும், பணங்காசை நிர்வகிக்கவும் மற்றவர்களுக்குள்ள உரிமை அவருக்கும் உண்டு என்கிறது. "வாய் வராதவனுக்குக் கையெழுத்து எதற்கு" என்று சொல்லும் பங்காளிகள் இதைக் கவனிக்கட்டும்.

நமது மாவட்டம் 2019-ல் தனியாக ஏற்பட்டது. 2022-ல் கள்ளக்குறிச்சிக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தில் இரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையும், கைகால் பயிற்சியும் வீட்டுக்கே வர வழி ஏற்பட்டது. காலுக்குப் பயிற்சி வீடு தேடி வரும்போது வாய்க்குப் பயிற்சி ஏன் வரக்கூடாது? பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் வந்து ஒவ்வொருவருக்கும் வார்த்தை தேர்ந்து கொடுத்து, மாதம் ஒரு தடவை நேரிலோ போனிலோ பார்த்துத் திருத்தவேண்டும் என்று நாம் கேட்கவேண்டும். கேட்பதை பிச்சையாகக் கேட்கக்கூடாது. வரி கொடுப்பவனாகக் கேட்கவேண்டும்.

நாம் செய்யவேண்டியது

முதலாவது, ஒருவருக்குத் திடீரென்று வாய் கோணினால், ஒரு கை தூக்க வராவிட்டால், பேச்சு குழறினால் அது பக்கவாதம் என்று எண்ணி உடனே 108-க்குச் சொல்லுங்கள். அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும்; எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மந்திரிப்பதற்கும் தண்ணீர் தெளிப்பதற்கும் அதில் நேரமில்லை.

இரண்டாவது, பேச்சிழந்தவரோடு பேசுவதை நிறுத்தாதீர்கள். ஒரு நேரத்தில் ஒருவர் பேசுங்கள். டிவியை நிறுத்துங்கள். சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். குழந்தையிடம் பேசுவதுபோலக் கொஞ்சாதீர்கள். அவர் செவிடரல்ல, கத்தாதீர்கள். பதில் வரக் காத்திருங்கள். ஆமாம், இல்லை என்று தலையசைத்துச் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். சைகை காட்டினால், படம் காட்டினால் அதுவும் பேச்சுத்தான். சிலருக்கு விளங்கிக்கொள்ளும் சக்தியும் குறைந்திருக்கும். ஆகையால் தெரியும் என்றோ தெரியாது என்றோ நீங்களே முடிவு கட்டாமல், தெரிந்தவரைக் கொண்டு சோதித்துப் பாருங்கள்.

மூன்றாவது, ஒரு தடவையாவது பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டி எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். அதுவரை சும்மா இராமல், வீட்டுப் பையனைக் கொண்டு வீட்டுச் சாமான்களையும் வீட்டு மனிதர்களையும் போனில் படம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பேரைச் சொல்லிப் பதிந்து வையுங்கள். வார்த்தையை அவரே தேர்ந்தெடுக்கட்டும். தினம் அரை மணி நேரம் அவர் கையில் போனைக் கொடுங்கள். இது ஷெப்பீல்டு யந்திரத்துக்குச் சமம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வசம்பைவிட மேல் என்று தைரியமாகச் சொல்லுகிறோம். களைத்தால் நிறுத்திவிடுங்கள். அழுதால் பரிகசிக்காதீர்கள்.

இனி நமது தோழர் சங்கதிக்கு வருகிறோம். அவருடைய மகள், பட்டணத்தில் ஒரு பயிற்சியாளரிடம் இரண்டு தடவை கூட்டிப்போய்க் காட்டி, எப்படிப் பழகுவது என்று கேட்டு வந்தாள். போனில் நாற்பது வார்த்தை பதிந்து கொடுத்தாள். டீ, தண்ணி, பேப்பர், வலி, வயல் என்று பதிந்துகொண்டு வரும்போது, இன்னும் என்ன வேண்டும் என்று தகப்பனாரைக் கேட்டாள். அவர் தலையை இடமும் வலமும் ஆட்டிக் கையால் தள்ளிக் காட்டினார். புத்திசாலிப் பெண், புரிந்துகொண்டு "மாட்டேன்" என்ற வார்த்தையைப் பதிந்தாள். ஐந்து மாதம் பழகினார். பங்காளிகள் அந்தப் பத்திரத்தோடு இரண்டாவது தடவை வந்து கட்டைவிரலைப் பிடித்தபோது, டீ என்ற வார்த்தைகூட அன்று அவருக்குச் சரியாக வரவில்லை. ஆனால் கையை இழுத்துக்கொண்டு "மா... மாட்டேன்" என்றார். பத்திரம் வந்த வழியே திரும்பிப் போயிற்று.

அவர் குணமாகிவிட்டார் என்று சொல்லமாட்டோம். டீக்கடையில் பத்திரிகை படிக்க இன்னும் வரவில்லை. இனி வருமா என்றும் தெரியாது. இப்போது மகள் படிக்கிறாள், இவர் கேட்கிறார்; தப்பாகப் படித்தால் "அதான்... இல்லை" என்கிறார். பெண்ணின் கலியாணத்துக்கு இவரைக் கேட்டுத்தான், அதுவும் புரோகிதர் இல்லாமல், நாள் வைத்தார்கள்.

தோழர்களே! ஆயிரம் வார்த்தை பேசத் தெரிந்தும் "மாட்டேன்" என்ற ஒரு வார்த்தை பேசத் தெரியாமல்தான் நாம் எத்தனையோ தலைமுறையாகக் கைகட்டி நின்றோம். நாற்பது வார்த்தையே உள்ள ஒரு மனிதர் அதைச் சொல்லிக் காட்டினார். ஆகையால் உங்கள் ஊரில் பேச்சிழந்தவர் யாராவது திண்ணையில் உட்கார்ந்திருந்தால், நாளைக்கே போய் அவர் எதிரில் உட்காருங்கள். அவரைப் பற்றிப் பேசாமல் அவரோடு பேசுங்கள். பதில் வரும் வரையில் காத்திருங்கள்.